யாரும் திறக்காத குழாய்

சட்ராஸில் எங்கள் போர்மேன் வீட்டுப் பின்வாசலில், துவைக்கும் கல்லின் மேல் ஓர் அலுமினியச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. விளிம்பு நெளிந்து, அடி கறுத்துப்போன பழைய சட்டி. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான், சிரிப்பெல்லாம் அப்புறம்தான். அது ஜூலி என்கிற நாயின் தண்ணீர்ச் சட்டி. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள் அது. ஜூலி கல்லின் அடியில் படுத்து, காலையில் துணி துவைத்தபோது பள்ளத்தில் தேங்கிய சோப்புத் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. ஈவிரக்கமில்லாதவர்கள் வீடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தச் சட்டியைக் கவிழ்த்த மனிதர், அந்த நாய்க்காகச் சில நாட்களாகச் சரியாகச் சோறு தின்னாமல் இருந்தவர். ஒரு தப்பை இவ்வளவு பாசத்தோடும் இவ்வளவு உறுதியோடும் செய்ய எங்கள் தொழில்காரர்களால்தான் முடியும்.

எங்கள் தொழில் என்பது தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே வைத்திருப்பது. மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதியில், பராமரிப்புப் பிரிவில் நான் இன்ஜினீயர், அவர் போர்மேன். கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. புதிதாகப் போட்ட நட்டு அடுத்த மழைக்குள் துருப்பிடித்துப் பல்லிளிக்கும். நான் மதுரைப் பக்கத்துக்காரி. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவள். போர்மேன் செங்கல்பட்டுப் பக்கம், அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, பைப் ஃபிட்டராகத் தொடங்கி மேலே வந்தவர். பதவியில் நான் ஒரு படி மேலே, அனுபவத்தில் அவர் பல படி மேலே. அதனால் ஒருவரையொருவர் மிரட்டிக் காரியம் சாதிக்க முடியாது. ஆட்கள் முன்னால் என்னை ‘மேடம்’ என்பார், வேலைக்குப் போகிற வேனில் ஏறிவிட்டால் ‘இன்னாம்மா’ என்பார். நான் எப்போதும் ‘சார்’தான். கல்பாக்கத்தில் நான் ஏறி, சட்ராஸில் அவர் ஏறி, விடுதி வந்து சேர்வதற்குள் உலக விஷயம் முழுவதையும் பேசித் தீர்த்துவிடுவோம். வாரத்துக்கு ஒரு சண்டையும் உண்டு.

அவரை நான் மதிக்கத் தொடங்கியது ஒரு தரைவிரிப்பால். ஒரு நாள் விலை உயர்ந்த அறை ஒன்றில் விரிப்பு முழுவதும் நனைந்து ஊறிக் கிடந்தது. அறையைச் சுத்தம் செய்த பெண்தான் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, மேலாளர் அவளை வேலையை விட்டு அனுப்பவே தயாராகிவிட்டார். அவள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போர்மேன் நேராக அறைக்குள் போனார். தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தார். உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனார். பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டுவதுபோலப் பேன்ட்டைத் தட்டிவிட்டு மேலாளரிடம் சொன்னார்:

“ஆளத் தேடாத சார், ஈரத்தத் தேடு. தொறந்து வுட்ட தண்ணிக்குத்தான் ஒரு ஆளு கீறான். ஒழுவுற தண்ணிக்கு ஆளே கெடையாது.”

சுவரை உடைத்துப் பார்த்தால் உள்ளே வளைவு இணைப்பில் ஒரு விரிசல். திறந்து விட்ட தண்ணீர் ஓடும், தாழ்வான இடம் தேடும், தேங்கும். ஒழுகுகிற தண்ணீர் தான் இருக்கும் இடத்திலேயே ஊறிப் பரவும். இரண்டையும் பார்த்தாலே தெரியும் என்பார். அந்தப் பெண் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் எங்கே ஈரம் கண்டாலும் யார் என்று கேட்கக் கூடாது, எது என்று கேட்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டம் அவர் வீட்டு வாசற்படி வரைதான் செல்லும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜூலி எங்கள் விடுதியின் பம்பு கொட்டகையில் பிறந்த நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். கொண்டுவந்தவர் அவர்தான் என்றாலும் அதைப் பழக்கியவர் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்று அழைப்பேன். அக்கா மூன்று பிள்ளைகளையும் ஒரு நாயையும் ஒரே கண்டிப்பில் வளர்த்தவர். தரையில் ஒரு பருக்கை கிடந்தால் பொறுக்காது. ஜூலி குட்டியிலேயே கற்றுக்கொண்டது: காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, சட்ராஸின் பழைய டச்சுக் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்து மணலில்தான் எல்லாம். ஒரு புயல் நாளில் கதவைத் திறக்கவே முடியாமல் போனபோது, மழை ஓயும்வரை வாசலைப் பார்த்தபடி நின்றே இருந்ததாம். ஒரு முறை குட்டி போட்ட பிறகு அக்காவே சொல்லி அதற்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷனும் செய்யவைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா தன் பிள்ளைகளின் மார்க்கைக்கூடச் சொல்ல மாட்டார், புயல் நாள் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

அப்படிப்பட்ட ஜூலி, நடுவயது தாண்டியபோது, திடீரென்று வீட்டுக்குள் நனைக்கத் தொடங்கியது. முதல் நாள் பிரிட்ஜ் பக்கத்தில். அப்புறம் கட்டிலுக்கு அடியில். அப்புறம் கால்மிதியில். வேனில் ஏறியதும் போர்மேன் எனக்குச் சொல்லும் முதல் செய்தியே அதுவாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு காரணம் கையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்பட்டுவிட்டது என்றார்கள். போர்மேன், வயிற்றுப்பிள்ளையோடு வரப்போகிற மூத்த மகளுக்காக அறையை ஒழித்து மெத்தை வாங்கிப் போட்டதைப் பார்த்து ஜூலிக்குப் பொறாமை என்றார். அக்காவுக்கு ஒரே வார்த்தைதான்: திமிர். தெரிந்தே செய்கிறது என்பதற்குச் சாட்சியும் வைத்திருந்தார்கள். ஈரத்தைக் காட்டி அதட்டினால் ஜூலி காதை மடக்கிக்கொண்டு, வாலைக் காலுக்குள் செருகி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். “செஞ்ச தப்பு அதுக்கே தெரியுதும்மா, மூஞ்சில எழுதி ஒட்டிகினு கீது” என்றார் போர்மேன். ஈரத்தில் அதன் மூக்கை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். பேப்பரைச் சுருட்டி அடித்துப் பார்த்தார்கள். அடி கூடக்கூட ஜூலியின் முகத்தில் குற்றம் கூடியதே தவிர, தரையில் ஈரம் குறையவில்லை.

கடைசியில் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். வளைகாப்பு முடிந்து வெள்ளிக்கிழமை மகள் திருச்சியிலிருந்து வருகிறாள். பிள்ளை பிறந்தால் தரையில்தான் தவழும். அதற்குள் இந்த நாய் வீட்டில் இருக்கக் கூடாது. திருவிடந்தைப் பக்கம் அக்காவின் தம்பி ஒரு சவுக்குத் தோப்புக்குக் காவல் இருந்தார். அங்கே கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டியது. வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் படுத்துப் பழகிய நாயை, இந்த வெயிலில், ஆள் நடமாட்டமே இல்லாத தோப்பில், சங்கிலியில். போர்மேன் வேனில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “அங்க கட்னா அது பொழைக்காதும்மா.” விடுதி வரும்வரை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஊரையே அதட்டி வேலை வாங்குகிற மனிதர் வீட்டில் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை. ஆனால் ஈரம் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த வளையலைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். ஜூலி கூடத்துத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா மோர் கொண்டுவந்து வைத்தார். டம்ளர் தரையில் பட்ட சத்தத்தில் ஜூலி விழித்து, உடம்பை நீட்டி முறித்து எழுந்தது. அது படுத்திருந்த இடத்தில், பின்னங்கால் இருந்த பக்கத்தில், ஒரு சப்பாத்தி அளவுக்கு ஈரம். ஓடவில்லை, தெறிக்கவில்லை, இருந்த இடத்திலேயே பரவியிருந்தது. நான் கவனித்தது அதைவிட ஜூலியைத்தான். அது திரும்பி அந்த ஈரத்தைப் பார்த்தது. குனிந்து முகர்ந்தது. யாரோ கொண்டுவந்து கொட்டிய தண்ணீரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அதன்பின் அக்காவின் நிழல் அசைந்ததும்தான் காது மடங்கியது. அது குற்றம் செய்த முகமில்லை, அடிவாங்கப்போகிற முகம். அடிவாங்கிய எல்லோருக்கும் அந்த முகம் தெரியும்.

நான் மோரைக் கீழே வைத்துவிட்டுப் போர்மேனைக் கேட்டேன்: “சார், இது திறந்து விட்டதா, ஒழுகினதா?”

அவர் முகம் மாறியதை நான் எப்படி எழுதிக் காட்டுவேன் என்று தெரியவில்லை. சட்டென்று உள்ளே போய் டார்ச்சை எடுத்துவந்தார். பட்டப்பகலில், தன் வீட்டுக் கூடத்தில், லுங்கியோடு குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். எங்கெங்கே நனைந்தது என்று அக்காவைக் கேட்டுக் கேட்டு ஒவ்வோர் இடமாகப் போனார். பிரிட்ஜ் பக்கம், அது மத்தியானம் படுக்கிற இடம். கட்டிலுக்கு அடியில், அது ராத்திரி படுக்கிற இடம். கால்மிதி, அவர் வருகிற நேரத்துக்கு அது காத்துக் கிடக்கிற இடம். ஒரு மூலையில் இல்லை, ஒரு கட்டில் காலில் இல்லை. படுத்த இடத்தில் மட்டும்தான், அதுவும் தூங்கி எழுந்தால் மட்டும்தான். எழுந்து உட்கார்ந்தவர் ஜூலியின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னிடம் இல்லாமல் அதனிடம் சொன்னார், “ஒழுவுது, அவ்ளோதான். நீ தொறக்கலடி.” கண் கலங்கியிருந்தது. அழத் தெரியாத ஆட்கள் கலங்கினால் பார்க்க என்னவோபோல் இருக்கும், நான் வளையல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மட்டும் அசையவில்லை. துணியை எடுத்துவந்து, அந்தச் சப்பாத்தி ஈரத்தைத் தரையில் ஓட்டை விழும்படி தேய்த்தார். “ஒழுவுதோ ஊத்துதோ, தொடைக்கிறது நானு” என்றார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதற்கு அடுத்ததாகத்தான் போர்மேன் அந்தப் பெரிய தப்பைச் செய்தார். ஒழுக்கு என்று தெரிந்துவிட்டால் எங்கள் தொழிலில் முதல் வேலை என்ன? மேல் வால்வை மூடு. உள்ளே போகிற தண்ணீரை நிறுத்தினால் வெளியே வருகிற தண்ணீர் நிற்கும், அப்புறம் நிதானமாக எங்கே ஓட்டை என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் தரையைக் காயவைத்துக் காட்டிவிட வேண்டும், அக்கா மனம் மாறிவிடுவார் என்று அவருக்கு ஒரே நம்பிக்கை. ஆகவே சட்டியைக் கவிழ்த்துவிட்டார். திங்களும் செவ்வாயும் வேனில் வெற்றிச் செய்தி வந்தது: ஈரம் பாதியாகக் குறைந்துவிட்டது, இன்னும் குறையும். குறையத்தானே செய்யும்! எனக்குச் சந்தேகம் தட்டி, என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, மேல் வால்வை மூடினேன் என்றார் பெருமையோடு. அன்று வேலை முடிந்ததும் என் நிறுத்தத்துக்குப் போகாமல் சட்ராஸிலேயே அவரோடு இறங்கினேன். அப்போது பார்த்ததுதான் துவைக்கும் கல்லின் மேல் கவிழ்ந்த சட்டியும், சோப்புத் தண்ணீரை நக்கும் ஜூலியும். நான் அவரைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும். குழாய்க்குத் தாகம் எடுக்காது சார், இதற்கு எடுக்கும் என்றேன். சட்டியை நானே நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். ஜூலி சட்டிக்குள் தலையை விட்டது, நிறுத்தவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் போய் இன்னொரு செம்பு கொண்டுவந்து ஊற்றினார்.

நாளை செங்கல்பட்டில் மாட்டு டாக்டரிடம் காட்டுவது என்று முடிவானது. ஆனால் மறுநாள் விடுதியில் பெரிய பம்பு நின்றுபோய், போர்மேன் நகர முடியாமல் ஆகிவிட்டது. நான் விடுப்புச் சொல்லிவிட்டு ஆட்டோவோடு வீட்டுக்குப் போனால், அக்கா சேலை மாற்றிக்கொண்டு கிளம்பி நின்றார். எனக்கு ஆச்சரியம். எங்கே கூப்பிட்டாலும் வராதவர். போகும் வழியிலேயே காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்: நீங்கள் இரண்டு பேரும் டாக்டர் சொன்னதை உங்களுக்கு வேண்டியபடி மாற்றிச் சொல்வீர்கள், இது குணமாகாது என்று அவர் வாயால் நான் கேட்கணும், கேட்டுவிட்டால் தோப்புக்கு அனுப்புவதில் என் மேல் பழி வராது. வெளிப்படையான மனுஷி. ஜூலி எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை அக்கா மடியில் வைத்துத் தூங்கிவிட்டது. அக்கா அதைத் தள்ளவும் இல்லை, தடவவும் இல்லை.

டாக்டர் இளம் வயதுக்காரர், அலட்டல் இல்லாதவர். எங்களை உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டார். விழித்திருக்கும்போது வருகிறதா, தூங்கும்போதா? வெளியே போனால் வழக்கம்போலப் போகிறதா? தண்ணீர் முன்பைவிட அதிகம் குடிக்கிறதா? அடிக்கடி போய்ச் சொட்டுச்சொட்டாக விடுகிறதா, போகும்போது முனகுகிறதா? பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா? வீட்டில் புது ஆள், புது நாய், இடமாற்றம் ஏதாவது உண்டா? எல்லாவற்றுக்கும் அக்காதான் பதில் சொன்னார், தயங்காமல். வீட்டில் அந்த நாயை இவ்வளவு கவனித்தவர் வேறு யாரும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, கிருமி கொஞ்சம் இருக்கிறது. தண்ணீரை நிறுத்திய கதையை நான் சொன்னபோதுதான் டாக்டர் குரல் உயர்ந்தது. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்திருந்தால் இந்த வெயிலில் அதைக் கொன்றே போட்டிருப்பீர்கள் என்றார். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு இன்னும் எரியும், கிருமி இன்னும் சேரும், எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்றார்.

அப்புறம் நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பை எடுத்த பெட்டை நாய்களில் சிலவற்றுக்கு, வயதாக ஆக, சிறுநீரைப் பிடித்து வைக்கிற தசை தளர்ந்துபோகும். விழித்திருக்கும்போது சமாளித்துக்கொள்ளும். தூங்கி உடம்பு தளர்ந்தால் தானாக வழிந்துவிடும். வழிந்தது அதற்கே தெரியாது. ஆபரேஷனில் தப்பு இல்லை, வளர்ப்பில் தப்பு இல்லை. வஞ்சம், பழி, பொறாமை எல்லாம் நாய் மேல் நாம் ஏற்றிச் சொல்வது. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று நனைத்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், குணத்தை அப்புறம் பார்க்கலாம். “இது பெரிய வியாதியே இல்லம்மா. மாத்திரை இருக்கு. நெறைய பேருக்கு வர்றதுதான், வெட்கப்பட ஒண்ணுமே இல்ல” என்றார். நாயைப் பற்றிப் பேசும்போது ‘நெறைய பேருக்கு’ என்று அவர் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. குணமாகாது என்று ஒரு வார்த்தை வாங்க வந்தவர், மாத்திரையை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் ஓர் இளநீர்க் கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜூலிக்குத் தேங்காய் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம். அக்காவுக்கு ஓர் இளநீரை வெட்டச் சொன்னால் வேண்டாம் என்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. வற்புறுத்தினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். டிரைவர் டீ குடிக்க அந்தப் பக்கம் போனதும், ஜூலி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“அதுக்கு மாத்திரை கீதுன்னாரே. எனுக்கும் எதனா இருக்குமா?”

எனக்கு உடனே புரியவில்லை. அவரே சொன்னார், ஒரே மூச்சில், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல. கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தான். இருமினால் வரும், குடத்தைத் தூக்கினால் வரும், வாய்விட்டுச் சிரித்தால் வரும். அதனால் கல்யாணம் காதுகுத்து எதற்கும் போவதில்லை. பஸ்ஸில் திருச்சி வரை போக முடியாது என்பதால் மகள் வீட்டையே அவர் இன்னும் பார்த்ததில்லை. வெளியே போக வேண்டும் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. எங்கே கூப்பிட்டாலும் வராததைப் பார்த்து அவர் வைத்த பெயரும் திமிர்தான். வீட்டில் எங்கேயாவது வாடை வந்தால் முதலில் தன்னுடையதோ என்று பயம் வரும், நாய் என்று தெரிந்ததும் அதன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும். “அது நனைக்கிறப்போ எல்லாம் என்னியே யாரோ காட்டிக் குடுக்கிற மாரி இருக்கும்” என்றார்.

அவர் தன் சட்டியைத் தானே கவிழ்த்து வைத்திருந்தார், இத்தனை வருஷமாக. ஆறுதல் சொல்ல எனக்கு வராது, காரியம்தான் வரும். இருக்கும் அக்கா, கண்டிப்பாக இருக்கும், நாளைக்கே போகலாம் என்றேன். முதலில் இதைக் குடியுங்கள் என்று இளநீரை அவர் கையில் திணித்தேன். ஆட்டோவை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்கிறேன், யார் என்ன சொல்வார்கள் என்று பார்த்துவிடுகிறேன் என்றேன். அக்கா குடித்தார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினோம், டிரைவர் மூச்சுக்கூட விடவில்லை. மறுநாளே செங்கல்பட்டில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னார். பிரசவத்தில் தளர்ந்த தசை, அதை இறுக்குவதற்குப் பயிற்சி இருக்கிறது, விடாமல் செய்தால் நன்றாகக் குறையும், தேவைப்பட்டால் மேலே பார்க்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற பயிற்சி. இத்தனை வருஷ அவஸ்தைக்கு இதுதானா மருந்து என்று அக்காவுக்குக் கோபம்கூட வந்தது.

போர்மேனிடம் அன்று ராத்திரியே அக்கா சொல்லிவிட்டிருக்கிறார். அடுத்த நாள் வேனில் அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஊர்ல கீற ஒழுக்கெல்லாம் பாத்தேன், எங்க ஊட்ல கீறதத்தான்...” என்றார்.

இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். அந்த வேனில் அவர் உட்காருகிற இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டு வருகிறார். ஜூலிக்கு மூஞ்சி நரைத்துவிட்டது. மாத்திரையில் பெருமளவு நின்றுவிட்டது, எப்போதாவது ஈரம் தென்பட்டால் போர்மேன் அது படுக்கிற கோணிப்பையைத் தானே அலசிக் காயப்போடுகிறார். அக்காவுக்குப் போன் போட்டால் பாதி நாள் திருச்சியில் இருக்கிறார். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு ஈரத்தைத் தேடு என்று நானும்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு விரிப்பு நனைந்த அந்த அறை நினைவுக்கு வருவதில்லை. மகள் வந்து இறங்கிய அந்த வெள்ளிக்கிழமைதான் வருகிறது.

அன்று நானும் அங்கே இருந்தேன். ஆரத்தி சுற்றி, கை நிறைய வளையலோடும் மேடிட்ட வயிற்றோடும் மகள் உள்ளே வந்தாள். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, புதிதாக மடித்துப் போட்ட கோணிப்பையில் ஜூலி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்காத நாள். அதன் பின்னால் பை நனைந்திருந்தது. மகள் மூக்கைச் சுளித்தாள். இதை இன்னுமா வீட்டில் வைத்திருக்கிறீர்கள், தோப்புக்கு அனுப்பிவிடுவதாகத்தானே போனில் சொன்னாய் என்றாள். போர்மேன் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நனைந்த பையை ஜூலி விழிக்காதபடி மெல்ல உருவி எடுத்து, காய்ந்த பையை அதன் இடத்தில் தள்ளினார். பிறகு மகளிடம் வந்து அவள் தலையில் கலைந்திருந்த பூவைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

“அது வேணும்னு செய்யல. அதுக்கே தெரியாது. உனுக்கும் நாளிக்கு புள்ள பொறந்தப்புறம் இந்த மாரி வரலாம். வந்துதுன்னா மறைச்சி வெச்சிகினு குந்தாத. எங்கிட்ட சொல்லு.”